அசதி, அலுப்பு, சடவு: இங்கிலீஷ்காரன் எத்தனை விதமாக் களைச்சுப் போறான்?

கேள்வி: 'குறும்பலா', 12.06.2024

இங்கிலீஷில் டயர்ட், வியரி, ஃபடீக், எக்ஸாஸ்டட், டிரௌசி, லெதார்ஜி, லிஸ்ட்லெஸ், ஜேடட், பர்ன் அவுட் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் வேறு நிலை. தமிழில் 'களைப்பு', மிஞ்சிப்போனால் 'சோர்வு'. இந்த விஷயத்தில் நம்மிடம் சொல் பஞ்சம் என்று ஒத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

12.06.2024, இரவு 11.05

பாடப்புத்தகத்தைத் தாண்டித் தேடலை போலிருக்கு. செங்கோட்டையில எங்க தெருவுல ஒரு நாள் நில்லுங்க. வெயில்ல நடந்து வந்தவன் களைச்சு வந்திருக்கான், அவனுக்கு மோர். நாத்து நட்டு வந்தவளுக்கு அலுப்பு, அவளுக்கு வெந்நீர். காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் ஆனவனுக்கு அசதி, அவன் கட்டிலை விட்டு எழுந்திரிக்க வேண்டாம். மதியம் சாப்பிட்டுத் திண்ணையில சாய்ஞ்சவனுக்குக் கிறக்கம். நாலு படி ஏறினா மூச்சு வாங்குதுன்னா இளைப்பு. காய்ச்சல் வரப்போற பிள்ளை விளையாடாம மூலையில கிடந்தா சுணங்கிக் கிடக்கு. வயசானவங்களுக்குத் தள்ளலை. எங்க அம்மாவுக்குச் சடவு. எல்லாருக்கும் எந்நேரமும்: முடியல.

நான் பி.ஏ. இங்கிலீஷ் படிச்சு முடிச்ச கையோட அப்பா லாரியில ஏறினவன். 11 வருஷம் பாவூர்சத்திரம் மார்க்கெட்ல காய்கறி ஏத்தி, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு கொல்லம் வரைக்கும். மூணு மொழியிலயும் களைச்சுப் போயிருக்கேன். நாளைக்கு விரிவா எழுதறேன், இப்ப உறக்கம் வருது. (உறக்கம், கவனிங்க. அசதி இல்லை.)

13.06.2024, காலை 7.20

எக்ஸாஸ்டட்ல ஆரம்பிக்கேன், எனக்குப் பிடிச்சது அது. லத்தீன்ல 'ஹௌரீரே'ன்னா தண்ணி இறைக்கிறது. முன்னால 'எக்ஸ்' ஒட்டினா உள்ள இருந்ததை எல்லாம் வெளிய இறைச்சாச்சுன்னு அர்த்தம். கமலை பூட்டி இறைச்ச கிணத்துல கடைசிச் சால் சகதியோட வருமே, அந்த நிலை. வண்டியில புகை போற குழாய்க்கும் அதே பேர்தான், நம்ம மெக்கானிக் சைலன்சர்னு சொன்னாலும். அடுக்களையில சுத்துற எக்ஸாஸ்ட் ஃபேனும் அந்தக் குடும்பம். அதனாலதான் 'வெரி டயர்ட்' எழுதினா வாத்தியார் சும்மா இருப்பார், 'வெரி எக்ஸாஸ்டட்' எழுதினா கோடு போடுவார். வத்தின கிணறு அதுக்கு மேல 'ரொம்ப' வத்தாது.

வியரி வேற ஜாதி. அதுல உடம்பு பாதி, காலம் பாதி. ஒரு நாள் லோடு இறக்கினவன் டயர்ட். இருபது வருஷம் லோடு இறக்கினவன் வியரி. பழைய இங்கிலீஷ்ல இருந்தே வர்ற சொல், இப்ப எழுத்துலதான் அதிகம் பார்க்கலாம். நம்ம 'அயர்ச்சி' மாதிரி.

டயர்டும் பழைய இங்கிலீஷ்தான். வண்டி டயருக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. என் கிளீனர் ஒருத்தன் டயர் தேய்ஞ்சா டயர்டுன்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தான். நான் திருத்தலை. அவன் சொன்னது அகராதியை விட நல்லா இருந்தது.

டயர்டுக்குப் பின்னால 'ஃப்ரம்' வந்தா உடம்பு, 'ஆஃப்' வந்தா மனசு. தமிழ் இதே வேலையை ஒரே வேரை வச்சுச் செய்யுது. 'அலுப்பா இருக்கு'ன்னா உடம்பு. 'அலுத்துப் போச்சு'ன்னா மனசு. அலுப்பா இருக்குன்னு சொன்னவனுக்குப் பாய் விரிக்கலாம். அலுத்துப் போச்சுன்னு சொன்னவனுக்குப் பாய் விரிச்சா அடிக்க வருவான்.

13.06.2024, மதியம் 2.40

ஒரு திருத்தம். பாறசாலையில இருந்து ஒரு அண்ணாச்சி (பிறந்தது மார்த்தாண்டம், எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துல வேலை) தனியா எழுதிக் கேட்கார்: "இங்கிலீஷ்காரி சிணுங்குற பிள்ளையைத் தூக்கிட்டு 'ஹி இஸ் டயர்ட்'னு சொன்னா, பிள்ளைக்கு உறக்கம் வருதுன்னுதானே அர்த்தம்?"

ஆமா. அசதியையும் உறக்கத்தையும் அவங்க ஒரே சாக்குல போட்டுக் கட்டியிருக்காங்க. நேத்து ராத்திரி நான் நம்மாளுங்க ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்கிறதா மீசையை முறுக்கிட்டுப் படுத்தேன். காலையில பார்த்தா 'அசந்துட்டேன்'னு ஒரு சொல் வாசல்ல வந்து நிக்குது. அசதியில இருக்கிற அதே 'அச', ஆனா அர்த்தம் தூங்கிட்டேன். 'கண்ணயர்ந்தேன்' இன்னொண்ணு, அயர்ச்சியோட கூடப்பிறந்தது. ரெண்டு மொழிக்கும் ஒழுகுற இடம் ஒண்ணுதான் போல. மீசையை இறக்கியாச்சு.

15.06.2024, இரவு 9.50

ஒழுகினாலும் அந்த இடத்துல ஒரு வரப்பு வேணும். ஏன்னு சொல்றேன்.

2009, ஆனி மாசம், சாரல். தக்காளியும் வெண்டையும் ஏத்தி ராத்திரி 1 மணிக்குப் புளியரை தாண்டினேன். அன்னைக்கு எனக்கு அசதி கிடையாது. உடம்பு நல்லா இருந்தது, மதியம் குத்தாலத்துல குளிச்சிருந்தேன். ஆரியங்காவுல டீ. வெத்தலை. கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்துல சாரல். கழுதுருட்டி பக்கம், பதிமூணு கண் பாலத்துக்கு முன்னால ஒரு வளைவு. வளைவுக்குள்ள போனது ஞாபகம் இருக்கு. வெளிய வந்தது ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்தா வண்டி எதிர்ப்பக்கத்து மண்ணுல ஏறிக்கிட்டிருக்கு. கிளீனர் அப்பவும் உறங்கிக்கிட்டுதான் இருந்தான்.

40 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு 11 மீட்டர். மூணு செகண்ட் கண் சொருகினா 33 மீட்டர் தூரம் லாரியை யாரும் ஓட்டலை.

அசதின்னா ஓரமா நிப்பாட்டிக் காலை நீட்டி ஒரு பீடியோ டீயோ போதும், தெளிஞ்சிரும். உறக்கத்துக்கு டீ கடன் வாங்கின காசு மாதிரி. அதுவும் குடிச்ச உடனே கைக்கு வராது, இருபது முப்பது நிமிஷம் ஆகும். உறக்கத்துக்கு மருந்து உறக்கம் மட்டும்தான்.

இதைப் பிரிச்சுக் கேட்கிறதுக்குன்னே ஒரு கேள்வித்தாள் இருக்கு. மெல்போர்ன்ல எப்வர்த் ஆஸ்பத்திரி டாக்டர் மர்ரே ஜான்ஸ் 1991ல போட்டது. எட்டு சூழ்நிலை. புத்தகம் படிக்கையில, டிவி பார்க்கையில, ஒரு மணி நேரம் கார்ல சும்மா உட்கார்ந்து போகையில, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அமைதியா இருக்கையில, இப்படி. ஒவ்வொண்ணுலயும் கண்ணசர எவ்வளவு வாய்ப்புன்னு 0ல இருந்து 3 வரைக்கும் நீயே போட்டுக்கணும். மொத்தம் 24. பத்துக்கு மேல போனா டாக்டரைப் பார்க்கணும். எனக்குப் பிடிச்சது தாள் ஆரம்பத்துல இருக்கிற எச்சரிக்கை: சும்மா டயர்டா இருக்கிறதைக் கேட்கலை, கண்ணசருவியா அதைச் சொல்லு. இங்கிலீஷ்காரனுக்கே தன் சொல் ஒழுகுதுன்னு தெரிஞ்சு வரப்பு போட்டிருக்கான் பாருங்க.

நான் போட்டுப் பார்த்தது 13. கடைசிக் கேள்வி, போக்குவரத்துல வண்டி சில நிமிஷம் நின்னா கண்ணசருமா? செக்போஸ்ட் வரிசையில கண்ணசராத டிரைவர் இருந்தா கூட்டிட்டு வாங்க, மாலை போடுதேன்.

இன்னொண்ணு. 1997ல நேச்சர் பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி வந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கிறவன் கையும் கண்ணும், ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் இருக்கிறவன் அளவுக்குத் தடுமாறுது. நம்ம மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம், அதாவது 0.03. ஊதச் சொல்லி மிஷினை நீட்டியிருக்காங்க. எப்போ எழுந்திரிச்சேன்னு 11 வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்லை. 1961லயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48ன்னு சொல்லுச்சு. எங்க லாரியில நானே முதலாளி நானே டிரைவர், யார் மேல கேஸ் போட?

16.06.2024, காலை

'நாக்கர்டு' விட்டுப்போச்சு. பிரிட்டிஷ்காரன் பேச்சுல வர்றது, மாமனார் முன்னால சொல்ற சொல் கிடையாது. நாக்கர்னா உழைச்சு ஓய்ஞ்ச குதிரையை விலைக்கு வாங்கி வெட்டி, தோலையும் இறைச்சியையும் விக்கிறவன். புளியரை ரோட்டுக்காரனுக்கு இதை விளக்கணுமா? ராத்திரி எனக்கு முன்னால அடிமாட்டு லாரி போகும். பின் பலகைக்கு மேல கொம்பு தெரியும், வளைவுல எல்லாம் ஒண்ணா ஒரு பக்கம் சாயும். உழவு தீர்ந்தது, பால் வத்தினது. 'அயாம் நாக்கர்டு'ன்னா 'அடிமாடாப் போயிட்டேன்'. இதை விட நெருக்கமா மொழிபெயர்க்க என்னால ஆகாது.

ஜேடடும் குதிரைதான். ஜேட்னா ஓட்டி ஓட்டி ஓய்ஞ்ச மட்டக் குதிரை. இப்ப அது உடம்புக்கு வர்றதில்லை, எதைப் பார்த்தாலும் எதைத் தின்னாலும் ருசிக்காதவனுக்கு வருது. திகட்டிப்போனவன்னு சொல்லலாமா? திகட்டல் வயித்துல இருந்து வருது, ஜேடட் லாயத்துல இருந்து வருது. அவனுக்குக் களைப்புன்னா குதிரை, நமக்கு மாடு. மாடா உழைச்சான், செக்குமாடாச் சுத்தினான்.

16.06.2024, மாலை

நரம்புத் தளர்ச்சியை ஏன் விட்டேன்னு மூணு பேர். பஸ் ஸ்டாண்ட் சுவர்ல இருக்கு, போய்ப் படிச்சுக்கோங்க.

சரி, ஒரு வரி. 1869ல ஜார்ஜ் பியர்டுன்னு ஒரு அமெரிக்க டாக்டர், களைப்பு, தலைவலி, உறக்கம் வராமை எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி 'நியூரஸ்தீனியா'ன்னு பரப்பினார். நியூரோன் நரம்பு, அஸ்தீனியா பலமின்மை. சொல்லுக்குச் சொல் நரம்புத் தளர்ச்சி. அங்கே பெரிய வீட்டுக்காரங்க நோயாப் பேர் எடுத்தது, இங்கே லாட்ஜ் ரூம் நம்பரோட சுவர்ல நிக்குது.

பாறசாலை அண்ணாச்சி குறிப்பு: மலையாளத்துல 'தளர்ந்நு போயி'ன்னா பக்கவாதம் வந்து கை கால் விழுந்தது. தளர்வாதம்னே அதுக்குப் பேர். எல்லை தாண்டி வந்து 'உடம்பு தளர்ந்து போச்சு'ன்னு சொன்ன ஒரு தாத்தாவை வீல்சேர்ல வச்சு ஓட்டினாங்களாம். தாத்தா டீக்கடையில இருந்து நடந்துதான் வந்திருக்கார்.

19.06.2024

ஃபடீக். மனுஷனை விட இரும்புக்கு இந்தச் சொல் நல்லாப் பொருந்துதுன்னு நினைக்கேன்.

லீஃப் ஸ்பிரிங் மெயின் பிளேட் உடையுறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். பெரிய பள்ளத்துல உடையாது. ஓவர் லோடுல உடையாது. ஒரு நாள் காலி வண்டியா, நல்ல ரோட்ல வரும்போது 'டக்'னு போகும். உடைஞ்ச முகத்தைத் திருப்பிப் பார்த்தா பாதி வழவழப்பா மங்கிப்போய், கடல் அலை மணல்ல போட்ட கோடு மாதிரி வரிவரியா இருக்கும். மீதி சொரசொரப்பா, புதுசா மினுங்கும். வழவழப்பு பழைய விரிசல், கொஞ்சம் கொஞ்சமா உள்ள போய்க்கிட்டே இருந்தது. மினுங்குறதுதான் இன்னைக்கு உடைஞ்சது.

ஜெர்மனி ரயில்வேயில வோலர்னு ஒரு இன்ஜினியர் 1850கள், 60கள்ல வண்டி அச்சுகளை வச்சு இதைத்தான் சோதிச்சார். ஒரே தடவையில தாங்குற எடையை விடக் குறைச்ச எடையே, திரும்பத் திரும்ப ஏறி இறங்கினா அச்சை உடைச்சிரும். எஃகுக்கு ஒரு எல்லை உண்டு, அந்த எல்லைக்குக் கீழ எத்தனை தடவை ஆட்டினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. 1954ல காமெட் ஜெட் விமானம் ரெண்டு நடுவானத்துல பிளந்ததுக்கும் இதுதான் காரணம். ஒரு விமான உடம்பையே தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கி, அழுத்தம் ஏத்தி ஏத்தி இறக்கித்தான் கண்டுபிடிச்சாங்க.

மனுஷன் உறங்கினாத் தேறுவான். விரிசல் விட்ட பிளேட்டை ஷெட்ல பத்து நாள் போட்டு வச்சாலும் பதினோராவது நாள் அதே விரிசல்தான்.

20.06.2024

மேல எழுதினதை அப்பா கேட்டிருந்தா சிரிச்சிருப்பார். அவருக்கு ரெண்டு வகைதான். ஒண்ணு 'சாப்பிடலை', இன்னொண்ணு 'நடிக்கான்'.

22.06.2024, காலை

சடவைப் பத்தி எழுதாமத் தள்ளிக்கிட்டே வந்தேன்.

எங்க அம்மாவுக்கு எப்பவும் அந்த ஒரு சொல்தான். "சடவா இருக்குய்யா." எங்க வீட்டுல அது உடம்புக்கும் ஆகும், மனசுக்கும் ஆகும். கை கால் விட்டுப்போறதும் சடவு, ஒருத்தர் மேல வர்ற மனத்தாங்கலும் சடவு. 'என்மேல உனக்கு என்ன சடவு'ன்னு கேட்டா ரெண்டாவது. என் வீட்டுக்காரி எட்டயபுரம் பக்கம். அவ வளர்ந்த வீட்டுல ரெண்டாவது மட்டும்தான் புழக்கம்.

2016ல இருந்து மூணு வருஷம். அம்மா திண்ணையில உட்கார்ந்து 'சடவா இருக்கு'ன்னு சொல்றப்பல்லாம் இவ அடுக்களையில நின்னு, அத்தைக்கு இன்னைக்கு நான் என்ன குறை வச்சேன்னு யோசிச்சிருக்கா. வாயைத் திறந்து கேட்கலை. இவ முகம் சுருங்குறதைப் பார்த்து அம்மாவும் சொல்றதைக் குறைச்சுக்கிட்டாங்க. நான் லாரியில. வீட்டுக்கு வந்தா உறங்குவேன்.

2019 ஐப்பசியில மச்சுப்படி ஏற நாலு இடத்துல நின்னாங்க. உள்ளங்கை வெளுத்துக் கிடந்தது. எல்லை தாண்டி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், பேர் வேண்டாம். நான் லேப் வாசல்ல சீட்டு வாங்க நிக்கேன். உள்ள அம்மா இவகிட்ட 'மயக்கமா வருது தாயி'ன்னு சொல்லியிருக்காங்க. இவ ஓடிப்போய் நர்ஸ் பிள்ளைகிட்ட அதே சொல்லைச் சொல்லியிருக்கா. அந்தப் பிள்ளை வந்து பார்த்துட்டு, நல்ல மாதிரியா, 'அம்ம மயங்ஙிக்கோட்டே, சல்யப்படுத்தண்டா'ன்னு (அம்மா மயங்கட்டும், தொந்தரவு பண்ண வேண்டாம்) போர்வையை இழுத்துவிட்டுட்டுப் போயிட்டா.

மலையாளத்துல மயக்கம்னா லேசான உறக்கம். உச்சமயக்கம்னா மத்தியானம் போடுற கோழித்தூக்கம். நம்ம மயக்கத்துக்கு அங்கே 'தல கறங்ஙுந்நு'ன்னு சொல்லணும். இவளுக்கு அது தெரியாது, அந்தப் பிள்ளைக்கு இது தெரியாது. ரெண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னாங்க. பத்து நிமிஷத்துல அம்மா பாத்ரூம் போக எழுந்து, கட்டில் கால்கிட்ட விழுந்தாங்க. நெத்தியில மூணு தையல்.

ஹீமோகுளோபின் 6.4. பொம்பளைக்கு 12க்குக் கீழ போனாலே ரத்தசோகை.

அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோபம் இல்லை. 11 வருஷம் மலையாளம் பேசினவன் நான், அந்தப் பத்து நிமிஷம் அங்கே இல்லை.

22.06.2024, இரவு

அன்னைக்குச் சாயங்காலம் வந்த டாக்டரம்மா கேட்ட கேள்விகள் இன்னும் காதுல இருக்கு. அவங்க தமிழ் நல்லாப் பேசினாங்க, ஆனா 'களைப்பா இருக்கா'ன்னு ஒரு தடவை கூடக் கேட்கலை. கையை ஊணாம நாற்காலியில இருந்து எழுந்திரிக்கச் சொன்னாங்க. தலைக்கு மேல கையைத் தூக்கச் சொன்னாங்க. துணி அலசும்போது முதல் துணியிலயே கை விழுதா, நாலாவது துணியிலயா? சும்மா உட்கார்ந்தா உறக்கம் வருதா, இல்லை உறக்கம் வராமச் சும்மா உட்காரத்தான் தோணுதா? மூச்சு வாங்குதா? முன்ன ஆசையாச் செஞ்ச வேலை எதுவும் இப்பச் செய்யத் தோணலையா?

பிறகுதான் எனக்கு விளங்குச்சு. முதல் துணியையே பிழிய முடியலைன்னா அது வீக்னஸ், தசையோ நரம்போ. முதல் துணி பிழிஞ்சு நாலாவதுல கை ஓஞ்சா ஃபடீக். உட்கார்ந்தா உறங்குறது வேற. செய்யவே தோணாதது வேற, அதுதான் லிஸ்ட்லெஸ். அந்த 'லிஸ்ட்' பட்டியல் கிடையாது, பழைய இங்கிலீஷ்ல விருப்பம். விருப்பம் அத்துப்போன நிலை. நம்ம 'சுணக்கம்' அதுக்குக் கிட்ட வருது.

தமிழ்நாட்டுல இத்தனையும் சேர்த்து 'வீக்னஸ்'னு ஒரே டப்பாவுல போட்டாச்சு. "டாக்டர், வீக்கா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க." அரை லிட்டர் பாட்டில்ல 5 சதவீதம்னா 25 கிராம் சர்க்கரை. அஞ்சாறு டீஸ்பூன். நாகர்கோவில் போய்த் திரும்புற செலவுக்கு அதை வீட்டுலயே கரைச்சுக் குடிச்சிரலாம். இதை எங்க சித்திகிட்ட சொன்னேன். "ஊசி வழியாப் போனாத்தாம்லே ரத்தத்துல சேரும்"னாங்க. சித்தியோட வாதாடி ஜெயிச்சவன் எங்க வம்சத்துல இல்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல 15 முதல் 49 வயசுப் பொம்பளைங்கள்ல 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல. அவங்க வீட்டுல அதுக்கு என்ன பேர் சொல்றாங்களோ.

23.06.2024

திருத்தம்: நாகர்கோவில்னு கை தவறி எழுதிட்டேன், சித்தி போறது தென்காசி. ரெண்டு பேர் அதுக்குள்ள கணக்குப் போட்டு, செங்கோட்டைக்காரன் குளுக்கோஸுக்கு நாகர்கோவில் போவானான்னு கேட்டாச்சு.

26.06.2024

இது எனக்கே ஆச்சரியம்.

லெதார்ஜி கிரேக்கத்துல இருந்து வந்தது. அதுக்குள்ள இருக்கிறது 'லேத்தே', மறதி. அவங்க புராணத்துல செத்தவங்க குடிச்சா எல்லாத்தையும் மறக்குற ஆறு ஒண்ணு, அதுக்கும் அதே பேர். பின்னால ஒட்டியிருக்கிறது 'ஆர்கோஸ்', வேலை செய்யாதது. மறதியோட வர்ற மந்தம்.

எங்க பக்கம் மறந்துட்டா என்ன சொல்லுவோம்? 'அயத்துப் போச்சு.' அயர்த்தல்தான், வாயில தேய்ஞ்சு அயத்தல். சோர்ந்து போறதும் அயர்வு, மறந்து போறதும் அயர்வு. திருவாய்மொழி முதல் பாட்டுல 'அயர்வறும் அமரர்கள்'னு வருதே, அந்த அயர்வுக்கு உரைகாரங்க சொல்றது மறதி. கிரேக்கத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் நடுவுல யாரும் சொல் கடத்தலை. களைச்ச மனுஷன் மறப்பான்னு ரெண்டு ஊர்லயும் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

வள்ளுவர் மட்டும் கறாரா நாலாப் பிரிச்சுட்டார், 605வது குறள்: நெடுநீர், மறவி, மடி, துயில். தள்ளிப்போடுறது, மறதி, சோம்பல், தூக்கம். எப்வர்த் தாளுக்கு முன்னோடின்னு சொன்னா வாட்ஸ்அப்ல நல்லா ஓடும், நான் சொல்லலை. இதுல 'மடி' நம்ம பேச்சுல செத்துப்போச்சு, நமக்கு மடின்னா பிள்ளை உட்கார்ற இடம். மலையாளத்தான் இன்னும் உயிரோட வச்சிருக்கான். 'மடியா'ன்னு சொன்னா செய்யச் சோம்பலா இருக்கு. முதல் தடவை புனலூர் மார்க்கெட்ல சுமட்டுக்காரர் 'இந்நு வலிய மடியாணு'ன்னப்போ, பெரிய மடியான்னு அவர் தொடையைப் பார்த்தேன்.

30.06.2024

அக்கா மகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல இருக்கான். லீவுக்கு வந்தவன் "மாமா, பர்ன் அவுட்"னு சொல்லிட்டு மூணு நாள் போனைத் தொடலை. அம்மா என்கிட்ட ரகசியமாக் கேட்டாங்க, "என்னத்தைய்யா தீய விட்டான்?"

தீய விட்டதுதான். 1974ல நியூயார்க்ல ஃப்ராய்டன்பர்கர்னு ஒரு உளவியலாளர், இலவச மருத்துவமனையில தொண்டு செஞ்ச ஆட்களைப் பார்த்து இந்தப் பேர்ல கட்டுரை எழுதினார். ஊக்கமா வந்தவங்கதான் முதல்ல தீஞ்சு போனாங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல மூணு அடையாளம் சொல்லுச்சு: சக்தி வத்துறது, வேலை மேல ஒரு விலகலோ வெறுப்போ வர்றது, செஞ்சது எதுவும் உருப்படியா இல்லைங்கிற நினைப்பு. நோய்னு சொல்லலை, வேலையில வர்ற ஒரு நிகழ்வுன்னு வச்சாங்க.

மருமகனுக்கு நான் சொன்னது: இது இன்ஜின் போனது இல்லைடா, கிளட்ச் பிளேட் தீஞ்சது. மலை ஏத்தத்துல கிளட்சைப் பாதி மிதிச்சுக்கிட்டே ஓட்டினா தீயும். வாசம் வரும். அப்பவும் நிப்பாட்டலைன்னா இன்ஜின் உறுமும், ஆக்ஸிலேட்டர் ஏறும், வண்டி நகராது. உன்கிட்ட தெம்பு இருக்கு, அது சக்கரத்துக்குப் போகலை. அவன் 'ஆமா மாமா'ன்னான். இந்த இழையில நான் எழுதினதுல இதுதான் ஒருத்தனுக்காவது உபயோகப்பட்டதுன்னு நினைச்சேன்.

என் வீட்டுக்காரி தேங்காய் துருவிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தா. "வேலையில மட்டும்தான் வருமாமா?" ஆமா, சம்பளத்துக்குச் செய்யுற வேலையைத்தான் சொல்றாங்கன்னேன். "அப்ப அடுக்களைக்குக் கிடையாது." துருவலை வழிச்சுப் போட்டுட்டு எழுந்து போயிட்டா. உலக சுகாதார நிறுவனத்துக்கு இதுக்கு என்ன பதில் எழுதணும்னு எனக்குத் தெரியலை.

07.07.2024

குறும்பலா திரும்ப வந்திருக்கார். "எத்தனை சொல் இருந்தால் என்ன, களைப்பு களைப்புதானே, பெயரில் என்ன இருக்கிறது?" முதல்ல சொல் பஞ்சம்னார், இப்பச் சொல்லே எதுக்குங்கார். சரி.

பேர்ல இருக்கிறதுக்கு ஒரு உதாரணம். 1988ல அமெரிக்காவுல ஒரு நோய்க்கு 'குரோனிக் ஃபடீக் சிண்ட்ரோம்'னு பேர் வச்சாங்க. படுத்துக் கிடக்கிற நோயாளி தன் நோயோட பேரைச் சொன்னா, கேட்கிறவன் "எனக்கும்தான் டயர்டா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிருவான். அந்த நோயோட முக்கிய அடையாளம் வெறும் களைப்பு கிடையாது. கொஞ்சம் உழைச்சா, குளிச்சதே கூட உழைப்புதான், மறுநாளோ அதுக்கு மறுநாளோ உடம்பு மொத்தமா விழுந்திரும், உறங்கி எழுந்தாலும் தேறாது. 2015ல அமெரிக்க மருத்துவக் கழகம் ஒண்ணு, 'ஃபடீக்'ங்கிற சொல்லே நோயைச் சின்னதாக் காட்டுதுன்னு சொல்லி, உழைப்பு தாங்காத நோய்ங்கிற பொருள்ல ஒரு புதுப் பேரை முன்வச்சுது. புதுப் பேர் ஓடலை. பழசே நிக்குது.

அம்மாவோட சடவும் மூணு வருஷம் இப்படித்தான் நின்னது.

09.07.2024

அம்மாவுக்கு இப்ப ஹீமோகுளோபின் 11.2. மாத்திரை, முருங்கைக்கீரை, மாசம் ஒரு தடவை டெஸ்ட். மச்சுப்படி நிக்காம ஏறுறாங்க, ஏறி நின்னு என்னைத் திட்டவும் மூச்சு இருக்கு.

இன்னைக்குக் காலையில திண்ணையில உட்கார்ந்து, வழக்கம்போல, "சடவா இருக்கு"ன்னாங்க. அடுக்களையில இருந்து இவ தலையை நீட்டினா.

"உடம்புக்கா அத்தை, என்மேலயா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க.

"தோசை ஆறிப்போச்சுல்லா தாயி. உன்மேலதான்."